பொதுச் சேமிப்பகம்: தங்கவயல் மின்சாரம் கற்பிக்கும் பாடம்

கோலார் தங்கவயலின் வரலாற்றில் 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் குறிப்பிடத்தக்க நாளாகும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்து தங்கச் சுரங்கங்களை அடைந்தது அன்றுதான். அந்நாளில் உலகிலேயே மிக நீளமான மின்தொடர்களுள் ஒன்றாக இது விளங்கியது. மைசூர் அரசின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயரின் ஆதரவும், பொறியாளர் ஜோலி டி லோட்பினியரின் முயற்சியும் இத்திட்டத்துக்கு உருக்கொடுத்தன. சேஷாத்ரி ஐயர் 1901ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டமையால், திட்டம் நிறைவுற்றதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அதற்கு முன்னர் ஒவ்வொரு சுரங்கமும் தனக்கு வேண்டிய விசையைத் தானே உண்டாக்கிக் கொண்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் தனித்தனிக் கம்பெனிகளுக்கு உரியவை. ஜான் டெய்லர் நிறுவனம் அவற்றை நிருவகித்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் கொதிகலன்கள், நீராவி எஞ்சின்கள், நிலக்கரி, விறகுக் குவியல் ஆகியவை தனித்தனியே தேவைப்பட்டன. ஒரு சுரங்கத்தில் எஞ்சின் ஓய்ந்திருக்கும் வேளையில், அடுத்த சுரங்கம் விசை போதாமல் திணறினாலும் ஒன்றன் மிகுதி மற்றதற்குப் பயன்படவில்லை. சிவசமுத்திர மின்சாரம் இந்நிலையை மாற்றியது. உற்பத்தி ஓரிடத்தில் நடந்தது, கம்பி பொதுவாயிற்று, ஒவ்வொரு கம்பெனியும் தான் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பணம் செலுத்தியது. தேவை வளர வளர மின்நிலையத்தில் புதிய இயந்திரங்கள் சேர்க்கப்பட்டன. 1905ஆம் ஆண்டில் பெங்களூர் நகருக்கும் இங்கிருந்து விளக்கு வெளிச்சம் கிடைத்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கோடையில் காவிரியின் நீர்வரத்துக் குறைந்தால் எல்லாச் சுரங்கங்களும் ஒருங்கே பாதிக்கப்பட்டன. முன்னாளில் ஒரு கொதிகலன் பழுதானால் ஒரு சுரங்கம் நின்றது. பொது ஏற்பாட்டிலோ ஆறு வற்றினால் வயல் முழுவதும் நிற்க நேரிடும். கிருஷ்ணராஜ சாகர் அணைக்கட்டின் பணி 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதற்குப் பாசனத்தோடு, தங்கவயலுக்குத் தடையின்றி மின்சாரம் வழங்கவேண்டும் என்பதும் ஒரு முக்கியக் காரணமாகும். பொது வழங்கலை ஏற்படுத்தியவர்கள், அதற்கு ஓர் இருப்பையும் ஏற்படுத்தவேண்டும் என்பதை அனுபவத்தால் உணர்ந்தனர்.

சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டன. ஆனால் அங்கு எழுந்த கேள்வி மறையவில்லை. ஒவ்வோர் அலகும் தனக்கென ஓர் இருப்பை வைத்துக்கொள்வது நல்லதா, அல்லது அனைவரும் ஒரு பொது இருப்பிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லதா? அரசு அலுவலகங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் கணிப்பொறித் தகவல்களைச் சேமிக்கும் முறையில் இன்று இதே கேள்வி எழுகிறது.

தனித்தனிச் சேமிப்பின் குறை

தகவல்களைத் தன் வட்டுகளில் வைத்துக்கொண்டு, பலருக்கும் வழங்கும் கணிப்பொறியே சர்வர் எனப்படுகிறது. வட்டில் தகவலைச் சேமிக்கும் முறையை 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வணிகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது பெரிய வட்டுகளைக் கொண்ட அந்த முதற் கருவியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே வைக்க முடிந்தது. இன்று உள்ளங்கையளவேயான ஒரு வட்டில் பல டெராபைட் அடங்குகிறது. ஒரு டெராபைட் என்பது ஒரு இலட்சம் கோடி எழுத்துகளுக்குரிய இடமாகும். வட்டின் கொள்ளளவு பெருகிய போதிலும், அதைப் பங்கிடும் சிக்கல் தீரவில்லை.

ஒரு மாவட்டத் தலைமையிடத்தில் ஐந்து துறைகளுக்கு ஐந்து சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் வட்டுகள் இரண்டு பொருத்தப்பட்டுள்ளன. ஒரு வட்டு பழுதானாலும் தகவல் அழியாதிருக்கும்பொருட்டு, இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படுகிறது. எனவே, ஒவ்வொரு துறைக்கும் பயன்படும் இடம் 8 டெராபைட் மட்டுமே. ஐந்து துறைகளும் முறையே 2, 3, 7, 4, 2 டெராபைட் பயன்படுத்தி வருகின்றன. மொத்தப் பயன்பாடு 18. மொத்த இடம் 40. ஆகவே 22 டெராபைட் காலியாக இருப்பதாகக் கணக்கேடு கூறும். ஆனால் நில வரைபடங்களையும் பழைய பதிவேடுகளின் படங்களையும் வைத்திருக்கும் மூன்றாம் துறைக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு டெராபைட்தான். ஏனைய 21 டெராபைட்டும் மற்றத் துறைகளின் பெட்டிகளுக்குள் அடைபட்டுள்ளன. மூன்றாம் துறை புதிய சர்வர் கேட்டு எழுதும். நிதித்துறையோ இடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டி மறுக்கும். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

வேறொரு குறையும் உள்ளது. வட்டு சர்வரின் உள்ளேயே இருப்பதால் சர்வர் பழுதானால், வட்டு நன்றாக இருந்தாலும் தகவலை எடுக்க இயலாது. காப்பு நகல் எடுக்கும் வேலையையும் ஐந்து இடங்களில் ஐந்து ஊழியர்கள் தனித்தனியே செய்யவேண்டும். அவர்களுள் ஒருவர் விடுப்பில் சென்றால் அந்த வாரத்து நகல் விடுபட்டுப் போகக்கூடும்.

பொதுச் சேமிப்பகத்தின் அமைப்பு

இக்குறைகளைப் போக்க, வட்டுகளைச் சர்வர்களிலிருந்து பிரித்து, ஒரு தனிக் கருவியில் ஒன்றுசேர்த்து, அக்கருவியைச் சர்வர்களுடன் வலையமைப்பால் இணைக்கும் முறை உருவாயிற்று. இதில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது, பல வட்டுகளைத் தாங்கும் வட்டுப் பெட்டி. இரண்டாவது, அவ்வட்டுகளை ஒரே குவியலாக நிருவகித்து, கேட்பவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. இதனை வழக்கில் கண்ட்ரோலர் என்பர். மூன்றாவது, தகவல் சென்று வரும் கம்பிகளும் ஸ்விட்சுகளும். நான்காவது, சர்வர்கள். சிவசமுத்திர ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், வட்டுப் பெட்டி நீர்த்தேக்கத்தையும், கண்ட்ரோலர் மின்நிலையத்தையும், வலையமைப்பு மின்தொடரையும், சர்வர்கள் சுரங்கங்களையும் ஒத்தவை எனலாம்.

பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை இம்முறைக்குப் பெயரையும் வகைப்பாட்டையும் தந்தது. தகவலைத் துண்டுகளாக்கிப் பல வட்டுகளில் பரப்பி எழுதுவதோடு, அத்துண்டுகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்களையும் உடன் எழுதி வைப்பதே இதன் அடிப்படை. ஒரு வட்டு பழுதானால், எஞ்சிய துண்டுகளையும் சரிபார்ப்பு எண்களையும் கொண்டு இழந்த பகுதியை மீண்டும் கணக்கிட்டுப் பெறலாம். சரிபார்ப்புக்கு இரண்டு வட்டுகளுக்குரிய இடத்தை ஒதுக்கினால், ஒரே சமயத்தில் இரு வட்டுகள் பழுதானாலும் தகவல் பிழைக்கும்.

மேற்சொன்ன ஐந்து துறைகளின் கணக்கை இப்போது மீண்டும் பார்க்கலாம். 8 டெராபைட் வட்டுகள் ஆறினை ஒரு பெட்டியில் வைத்து, இரண்டு வட்டுகளின் இடத்தைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கினால் பயன்படும் இடம் 32 டெராபைட். பழுது ஏற்பட்டவுடன் தானே இடம்பிடிக்கும் மாற்று வட்டு ஒன்றைச் சேர்த்தாலும் வட்டுகளின் எண்ணிக்கை ஏழே. முன்பு பத்து வட்டுகள் தேவைப்பட்டன. பயன்பாடு 18 டெராபைட் போக மீதமுள்ள 14 டெராபைட்டையும் எத்துறை வேண்டுமாயினும் பயன்படுத்தலாம். முன்பைவிடக் காலியிடம் குறைவு. ஆனால் அக்காலியிடம் முழுவதும் தேவைப்படுவோர்க்கு எட்டும் இடமாக உள்ளது.

இருவகை வழங்கல்

பொதுச் சேமிப்பகம் தகவலை இருவகையில் வழங்குகிறது. முதல் வகையில், சேமிப்பகமே கோப்புகளை நிருவகிக்கிறது. சர்வர் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. நூலகத்தில் நூலின் பெயரைச் சொன்னால் ஊழியர் எடுத்துத் தருவதைப் போன்றது இது. இவ்வகைக் கருவிகளை நாஸ் என்பர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் நெறிமுறை இவ்வகைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஒரே கோப்பைப் பலர் படிக்கவும் திருத்தவும் வேண்டிய அலுவலக வேலைகளுக்கு இது ஏற்றது.

இரண்டாம் வகையில், சேமிப்பகம் தன் குவியலிலிருந்து ஒரு பகுதியை வெட்டி, வெற்று வட்டாகவே சர்வருக்குக் கொடுத்துவிடுகிறது. சர்வருக்கு அது தன்னுள் பொருத்தப்பட்ட வட்டாகவே தோன்றும். இம்முறைக்குச் சான் என்று பெயர். இதற்கென வகுக்கப்பட்ட பைபர் சேனல் என்னும் தரமுறை 1994ஆம் ஆண்டில் ஏற்பு பெற்றது. அதற்குத் தனி ஸ்விட்சுகளும் தனிக் கம்பிகளும் தேவைப்பட்டதால் செலவு மிகுதியாயிற்று. சாதாரண வலையமைப்பின் வழியாகவே இவ்வேலையைச் செய்யும் ஐஸ்கசி என்னும் நெறிமுறை 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதன் பின்னரே சிறிய நிறுவனங்களும் பொதுச் சேமிப்பகத்தை எண்ணிப்பார்க்க முடிந்தது. கணக்கு, ஊதியம், பதிவு போன்று இடைவிடாது எழுதப்படும் தகவல் தளங்களுக்கு இவ்வகை பொருந்தும்.

மாணவர்கள் இங்கு ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பொதுவாக இருப்பது வட்டுக் குவியலே. அதிலிருந்து வெட்டிக் கொடுக்கப்பட்ட பகுதி ஒரு சர்வருக்கே உரியது. ஒரே பகுதியை இரண்டு சர்வர்களுக்குக் காட்டி, இரண்டும் எழுதத் தொடங்கினால், ஒன்று எழுதியதை மற்றது அறியாது. ஒன்றன்மேல் ஒன்று எழுதித் தகவல் சிதைந்துவிடும். இரண்டும் எழுதியே ஆகவேண்டுமெனில், எழுதும் முறையை ஒழுங்குபடுத்தும் தனிவகைக் கோப்பு முறையை அமைத்தல் இன்றியமையாதது. அன்றேல் எந்தப் பகுதி எந்தச் சர்வருக்குத் தெரியவேண்டும் என்பதைக் கண்ட்ரோலரிலும் ஸ்விட்சிலும் கண்டிப்பாக வரையறுத்துவிட வேண்டும். தங்கவயலில் மின்தொடர் பொதுவாக இருந்தது. ஆனால் ஒரு சுரங்கத்தின் மோட்டாரை இன்னொரு சுரங்கம் இயக்கவில்லை.

வளரும் தன்மையும் வாக்குறுதியின் அளவும்

பொதுச் சேமிப்பகத்தின் முதன்மையான சிறப்பு, அதனை வளர்க்க இயல்வதே. மேற்சொன்ன குவியலில் மேலும் இரண்டு வட்டுகளைச் சேர்த்தால் பயன்படும் இடம் 32இலிருந்து 48 டெராபைட்டாக உயரும். சர்வர்களை நிறுத்த வேண்டியதில்லை; எந்தத் துறையின் பகுதி குறைந்துள்ளதோ அதை மட்டும் பெரிதாக்கலாம். ஆனால் எல்லாக் கருவிகளும் இவ்வாறு ஒவ்வொரு வட்டாகச் சேர்க்க இடந்தருவதில்லை. சிலவற்றில் ஒரு முழுத் தொகுதியாகவே சேர்க்க வேண்டும். சிலவற்றில் அதே நிறுவனத்தின் வட்டுகளையே வாங்கவேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும் வேளையிலேயே இதனைக் கேட்டறிதல் அலுவலர்களின் கடமையாகும். முதற் கொள்முதலின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வோர், ஐந்தாண்டுகள் கழித்து விரிவாக்கத்தின் விலையைக் கண்டு வருந்த நேரிடும்.

இன்னொரு வசதி, உள்ளதைவிட மிகுதியாக ஒதுக்கிக் காட்டுவதாகும். ஐந்து துறைகளுக்கும் தலா 10 டெராபைட் தருவதாகக் கண்ட்ரோலரில் பதிவு செய்யலாம். வாக்களித்த மொத்தம் 50. கையில் உள்ளது 32. எழுதப்பட்ட அளவுக்கே உண்மையான இடம் செலவாவதால் இது நடைமுறையில் பயன்படுகிறது. வங்கி, தன்னிடம் வைப்பு வைத்தோர் அனைவரும் ஒரே நாளில் பணம் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இயங்குவதைப் போன்றதே இது. ஆனால் குவியல் முற்றிலும் நிரம்பிவிட்டால் ஒரு துறை மட்டும் நிற்பதில்லை. அக்குவியலில் எழுதும் எல்லாத் துறைகளும் ஒருங்கே நின்றுவிடும். கோடையில் காவிரி வற்றியபோது தங்கவயல் முழுவதும் பாதிக்கப்பட்டதற்கு இணையான நிலை இதுவாகும்.

எனவே, நிரம்பும் வேகத்தைக் கணித்து முன்கூட்டியே செயல்படுதல் வேண்டும். எடுத்துக்காட்டான இந்தக் குவியலில் மாதந்தோறும் அரை டெராபைட் சேர்வதாகக் கொண்டால், 18இலிருந்து 22.4 டெராபைட்டை, அதாவது கொள்ளளவில் 70 விழுக்காட்டை, எட்ட ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். அங்கிருந்து முழுவதும் நிரம்ப மேலும் 19 மாதம் உண்டு. அரசு அலுவலகங்களில் மதிப்பீடு, நிதி ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வழங்கல் ஆகிய படிகளைக் கடக்கப் பல மாதங்கள் செல்லும். ஆதலால், 70 விழுக்காட்டில் கொள்முதலைத் தொடங்குவது என்னும் விதி தேவையானதே. நிரம்பிய பின்னர் தொடங்கும் கொள்முதல் எவ்வளவு விரைந்து நடந்தாலும் காலந்தாழ்ந்ததே ஆகும்.

கம்பியின் வேகம்

மின்தொடர் தாங்கும் அளவுக்கே சுரங்கம் மின்சாரம் பெறமுடியும். அதுபோல், வலையமைப்பின் வேகமே சேமிப்பகத்தின் பயனை வரையறுக்கிறது. சாதாரண ஒரு ஜிகாபிட் வலையமைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் செல்லும். இவ்வேகத்தில் ஒரு டெராபைட்டை நகர்த்த இரண்டே முக்கால் மணிநேரம் ஆகும். 18 டெராபைட்டையும் நகர்த்த 50 மணிநேரம் ஆகும். ஐந்து சர்வர்கள் ஒரே வேளையில் கேட்டால் இவ்வேகம் ஐந்தாகப் பிரியும். ஆகவே, சேமிப்பகத்துக்கென்று பத்து ஜிகாபிட் வேகமுள்ள தனி வலையமைப்பை அமைப்பதும், அலுவலர்களின் அன்றாட மின்னஞ்சல் போக்குவரத்தை அதில் கலக்காதிருப்பதும் நன்று.

பழுதான வட்டை மீட்கும் காலத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். 8 டெராபைட் வட்டொன்றை விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் மீண்டும் எழுத 22 மணிநேரம் வேண்டும். அந்நேரத்துக்குள் இன்னொரு வட்டு பழுதாகிவிடக்கூடும். இரண்டு வட்டுகளின் இடத்தைச் சரிபார்ப்புக்கு ஒதுக்குவது வீண்செலவன்று என்பது இதனால் விளங்கும். இதே காரணத்தால் கண்ட்ரோலரும் ஸ்விட்சும் கம்பியும் மின்வழங்கலும் இரட்டையாக இருத்தல் வேண்டும். ஐந்து துறைகள் நம்பியிருக்கும் ஓரிடத்தில், ஒற்றைக் கம்பியோடு நிறைவடைதல் சிக்கனமாகாது.

கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும்

இக்கேள்வி அரசு நிருவாகத்தில் நடைமுறையாக எழுந்ததற்குக் கர்நாடகத்தின் பூமி திட்டம் சிறந்த சான்று. அம்மாநிலத்தின் ஏறத்தாழ 2 கோடி நில உரிமைப் பதிவுகள் இத்திட்டத்தின்கீழ்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன; 67 இலட்சம் நில உடைமையாளர்கள் இதனால் பயன்பெற்றனர். தொடக்கத்தில், 177 தாலுகாக்களிலும் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலேயே கணிப்பொறியும் தகவலும் வைக்கப்பட்டன. அப்போது தங்கவயல் பகுதி பங்காரப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்திருந்தது. தொலைத்தொடர்பு நம்பத்தக்கதாக இல்லாத அக்காலத்தில் இத்தகைய ஏற்பாடே பொருத்தமானதாகும். கம்பி வழி வளர்ந்தபின், தகவல்கள் பெங்களூரில் உள்ள மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. முன்னொரு நாள் மின்சாரம் கோலாரை நோக்கி வந்தது போல, இம்முறை நிலப்பதிவுகள் கோலார் மாவட்டத்திலிருந்து பெங்களூரை நோக்கிச் சென்றன எனலாம்.

நாடு முழுவதற்குமான கொள்கையும் இதே திசையில் சென்றது. தேசிய மின்னாளுகைத் திட்டம் 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்கப்பட்டது. அதன் ஓர் உறுப்பாக, மாநிலத் தரவு மையங்களை அமைக்கும் திட்டத்துக்கு 2008ஆம் ஆண்டு ஜனவரியில் 1,623.20 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் வழங்கப்பட்டது. ஒவ்வொரு துறையும் தனித்தனியே சர்வர் அறை அமைப்பதை விடுத்து, மாநிலத்துக்கு ஒரு பொது மையத்தில் சர்வர், சேமிப்பகம், வலையமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதே இதன் நோக்கம். தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் சென்னை பெருங்குடியில் இம்மையத்தை நடத்தி வருகிறது. தேசிய தகவலியல் மையம் தில்லி, ஐதராபாத், புனே, புவனேசுவரம் முதலிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை அமைத்துள்ளது. 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மேகராஜ் என்னும் அரசு மேகக் கணிமை ஏற்பாட்டில், துறைகள் தமக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுப் பெற்று, தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது.

ஒன்று குவிந்தால் ஒன்றாய் அழியும்

பொது ஏற்பாட்டின் நன்மைகள் பல. ஆனால் அதன் ஆபத்தை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உலகுக்கு உணர்த்தியது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. மின்தடைக் காலத்துக்கென வைத்திருந்த லித்தியம் மின்கலங்களிலிருந்து எழுந்த தீ அது. 600க்கும் மேற்பட்ட அரசுக் கணிப்பொறி ஏற்பாடுகள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் பல பின்னர் மீட்கப்பட்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் ஆவணங்களைச் சேமிப்பதற்கென இருந்த பொதுச் சேமிப்பகம் முற்றிலும் எரிந்துபோயிற்று. ஊழியர் ஒருவருக்கு 30 ஜிகாபைட் வீதம் ஒதுக்கப்பட்டிருந்த அதில் 858 டெராபைட் தகவல் இருந்தது. வேறிடத்தில் அதற்கு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தமையால் வெளியிடத்தில் நகல் எடுக்கவில்லை எனக் காரணம் கூறப்பட்டது.

இக்காரணம் கணக்குப் போட்டுப் பார்க்கத்தக்கது. விநாடிக்கு ஒரு ஜிகாபைட் வீதம் அனுப்பினால் 858 டெராபைட்டை நகலெடுக்க ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அதன்பின் நாள்தோறும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். வேறிடத்தில் அத்தனை வட்டுகளை நிறுவுவதற்குச் செலவு உண்டு என்பது மெய்யே. ஆனால் அச்செலவு பொதுச் சேமிப்பகத்தின் விலையில் ஒரு பகுதியாகவே கருதப்பட்டிருக்க வேண்டும். அதனைச் சேர்க்காமல் காட்டிய சிக்கனம், ஒரே நாளில் பல ஆண்டு உழைப்பைச் சாம்பலாக்கியது.

இங்கு இரு மயக்கங்களை நீக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, ரெய்டு முறை காப்பு நகல் ஆகாது. அது வட்டின் பழுதிலிருந்து காக்கும். தீ, வெள்ளம், ஊழியரின் தவறு, தீய நிரல் ஆகியவற்றிலிருந்து காக்காது. இரண்டாவது, நொடிக்கு நொடி இன்னோரிடத்துக்குத் தானே எழுதும் ஏற்பாடும் தனித்துப் போதாது. ஒருவர் தவறுதலாக ஒரு பதிவேட்டை அழித்தால், அவ்வழிப்பும் உடனே மறு இடத்துக்குச் சென்று சேர்ந்துவிடும். ஆகவேதான் முந்தைய நாள், முந்தைய வாரம், முந்தைய மாதம் என்னும் நிலைகளில் பழைய நகல்களையும் வைத்திருத்தல் வேண்டும் என்கின்றனர். மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறூரில் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்டுள்ள விதி.

நிருவாகத்தின் பொறுப்பு

தொழில்நுட்பம் சரியாக அமைந்தாலும் நிருவாகம் சரியாக அமையாவிட்டால் பயனில்லை. பொதுச் சேமிப்பகத்தை அமைக்கும் அலுவலகம் நான்கு செய்திகளை எழுத்தில் வரையறுக்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு துறையின் பயன்பாட்டையும் மாதந்தோறும் அளந்து, அத்துறைக்குத் தெரிவித்தல். சுரங்கக் கம்பெனிகள் எடுத்த மின்சாரத்துக்குக் கணக்குக் கொடுத்தன. அளவு காட்டாத பொதுப்பொருளை எவரும் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை. ஒரே படத்தை ஐந்து பெயர்களில் சேமித்து வைக்கும் பழக்கம் அலுவலகங்களில் அரிதன்று.

இரண்டாவது, எவர் எதைப் பார்க்கலாம் என்னும் வரையறை. ஒரே பெட்டியில் பல துறைகளின் தகவல் இருப்பதால், ஒரு துறையின் ஊழியர் மற்றொரு துறையின் தகவலைக் காணாதவாறு தடுத்தல் வேண்டும். குடிமக்களின் சொந்த விவரங்களைக் காக்கும் பொறுப்பை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது.

மூன்றாவது, கொள்முதலைத் தொடங்கும் எல்லையும், அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவியும். எச்சரிக்கை மணி அடிப்பது கருவியின் வேலை. அதைக் கேட்டுக் கோப்பு எழுதுவது அலுவலரின் வேலை. மணி யாருக்கு அடிக்கிறது என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

நான்காவது, மீட்புப் பயிற்சி. நகல் எடுத்ததாகப் பதிவேட்டில் கையொப்பம் இருப்பது போதாது. காலாண்டுக்கு ஒருமுறையேனும் நகலிலிருந்து ஒரு தகவல் தளத்தை மீட்டு, அது சரியாகத் திறக்கிறதா, எத்தனை மணிநேரம் ஆயிற்று என்று குறித்து வைத்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், பூட்டைத் திறந்து பார்க்காத களஞ்சியத்துக்கு ஒப்பாகும்.

இவற்றை நிறைவேற்ற இயலாத மிகச் சிறிய அலுவலகத்துக்குப் பொதுச் சேமிப்பகம் தேவையற்றது. ஒரே சர்வரும் சிறிதளவு தகவலும் உள்ள இடத்தில், உள்வட்டும் ஒழுங்கான காப்பு நகலுமே போதும். பல சர்வர்கள் இருந்து, அவற்றின் தேவை வெவ்வேறு வேகத்தில் வளரும் இடத்திலேயே பகிர்வு பயன் தருகிறது.

முடிவுரை

ஆவணம் இழந்தால் அதன் பயன் யாருக்கு இழப்பு என்பதைச் சுரங்க ஊர்களில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கம் மூடப்பட்டபின், ஒரு தொழிலாளி எத்தனை ஆண்டு நிலத்தடியில் உழைத்தார் என்பதற்கு அவருடைய பணிப்பதிவேடே சான்று. அவருடைய பணிக்கொடையும் ஓய்வூதியமும் அந்த ஒரு பக்கத்தைப் பற்றி நிற்கின்றன. நிலப்பதிவும், பிறப்புச் சான்றும், மருத்துவக் குறிப்பும் இவ்வாறே ஒவ்வொரு குடும்பத்தின் உரிமையைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய கோடிக்கணக்கான பக்கங்கள் இன்று ஒரு சில வட்டுப் பெட்டிகளுக்குள் குவிந்துள்ளன.

தங்கவயலுக்கு மின்சாரம் கொணர்ந்தவர்கள் முதலில் விசையைப் பொதுவாக்கினர். எடுத்த அளவுக்குக் கணக்கு வைத்தனர். தேவை வளர்ந்தபோது இயந்திரங்களைப் பெருக்கினர். ஆறு வற்றும் என்பதை அறிந்து அணை கட்டப்பட்டது. தகவல் சேமிப்பைப் பொதுவாக்கும் இன்றைய அலுவலர்கள் முதல் மூன்றையும் விரும்பிச் செய்கின்றனர். நான்காவதாகிய வேறிடத்து நகலையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்தல் வேண்டும். அதற்குரிய தொகை அடங்காத திட்டக் கோப்பு ஒப்புதலுக்கு வருமானால், அதைத் திருப்பி அனுப்புவதே பொதுப்பணத்துக்கும் பொதுமக்களின் உரிமைக்கும் செய்யும் நற்பணியாகும்.